ஓர் ஆடு, ஆயிரத்து அறுநூற்று எண்பது துண்டு

ஒரு விஷயம் புரியாமல் இருக்கும்வரை மனிதர்களால் யாருக்கும் ஆபத்து இல்லை. நன்றாகப் புரிந்துகொண்டவர்களாலும் ஆபத்து இல்லை. அவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் வரும். இப்போதுதான் புரிந்த வாரம். அந்த வாரத்தில் இருப்பவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் எந்த ஜீவனையும் விட்டு வைக்கக் கூடாது என்பது என் அனுபவம்.

எனக்கு அந்த வாரம் பத்தொன்பதாவது வயதில் வந்தது. புரிந்த விஷயம், விகிதமுறு எண்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது ஓர் ஆடு.

எங்கள் ஊர் களமருதூர். அப்பாவுக்கு நெல் விவசாயம். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தோல்வி. (ஒரு தடவை என்று எழுதத்தான் ஆசை. இரண்டு தடவை.) இந்த நிலைமையில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. கரும்பு போடும் குடும்பம். மாப்பிள்ளை பெயர் குணசேகரன், வெள்ளிமலையில் கணக்கு வாத்தியார். தரகர் அதைச் சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மல்லிகாவும் கணக்குல புலிங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார். சமையலறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கையிலிருந்த கரண்டி பாலில் விழுந்தது.

"ஏம்ப்பா அப்படி சொன்ன?" என்று கேட்டேன், தரகர் தெரு முனை திரும்பியதும்.

"பொண்ணு பாக்க வர்றவங்க கணக்கா கேக்கப் போறாங்க? காபி தான கேப்பாங்க," என்றார் அப்பா.

அவருக்கு வாத்தியார்களைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். அதோடு தரகர் விட்டுப்போன போட்டோவை நான் பார்த்துவிட்டேன். அந்த மனிதர் ஸ்டுடியோவுக்குப் போய் போட்டோ எடுக்கும்போதுகூடச் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இந்த வரன் கைவிட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருஷம் முறைத்துப் பார்த்தும் அது மசியவில்லை. அடியிலிருந்து வருவோம் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்தேன். எடுத்த எடுப்பில் விகிதமுறு எண்கள். மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண், கீழே இருப்பது பூஜ்யமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். மேலே இருப்பதற்குத் தொகுதி என்று பெயர், கீழே இருப்பதற்குப் பகுதி.

அதுவரை முக்கால் என்பதை 3/4 என்று எழுதியிருந்தால் அது எனக்கு ஓர் எண்ணாகவே தெரிந்ததில்லை. யாரோ வகுக்க ஆரம்பித்துவிட்டு, பாதியில் எழுந்துபோய், மீதியை என் தலையில் கட்டிவிட்டதாகத்தான் தோன்றும். அன்று புழக்கடையில் கோலமாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். பூஜ்யத்துக்கு ஒரு கல், ஒன்றுக்கு ஒரு கல். நடுவை நான்காகப் பிரித்து மூன்றாவது இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. முக்காலுக்கு என்று ஓர் இடம் இருக்கிறது, அது கணக்கு இல்லை, எண். பிறகு அதே நீளத்தை எட்டாகப் பிரித்து ஆறாவது இடத்தைப் பார்த்தேன். அதே கொட்டை. 3/4-ம் 6/8-ம் ஒரே ஆள், பெயர்தான் வேறு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. ஐந்துகூட விகிதமுறு எண்தான், ஐந்தின் கீழ் ஒன்று. பூஜ்யமும் அப்படியே. கழித்தல் குறி போட்ட, கடன்பட்ட எண்கள் எல்லாம் கோட்டின் இடதுபக்கம் வரிசையாக நிற்கின்றன. எந்த இரண்டு கொட்டைகளுக்கு நடுவிலும் இன்னொரு கொட்டைக்கு இடம் இருக்கிறது. (நம் ஊர் டவுன் பஸ் கண்டக்டர்களுக்கு இது பிறவியிலேயே தெரியும். எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது.)

"யம்மா, எந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலயும் இன்னொரு நம்பர் இருக்கும், தெரியுமா?" என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அடுப்புல கொழம்பு இருக்குது, அதப் பாரு," என்றாள் அம்மா.

எல்லாவற்றிலும் என்னை மயக்கியது மீச்சிறு பொது மடங்கு. அரையையும் மூன்றில் ஒன்றையும் அப்படியே கூட்ட முடியாது, பகுதி வேறு வேறு. இரண்டையும் ஆறில் எத்தனை என்று மாற்றிவிட்டால் மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து. உலகத்தில் ஒத்துப்போகாதவர்கள் எல்லோரையும் ஒரு பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டால் சண்டையே இருக்காது என்று நான் உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் பெண் பார்க்கும் நாளன்று தலை பின்னிக்கொண்டேன்.

வந்தது மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அம்மாவின் தம்பி நடேசன். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் தாய்மாமன் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். எனவே அப்பா மாப்பிள்ளைக்கு ஒரு முறுக்கு வைத்தால் மாமாவுக்கு மூன்று வைத்தார்.

மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. "எம்புள்ள அப்படித்தாம்மா, பேச மாட்டான். கிளாஸ்லயாவது பேசுறானான்னு எனக்கே சந்தேகம்," என்றார் அவருடைய அம்மா. காபி குடித்து முடித்தார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் முடிவைச் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டே, ரெண்டு பக்கமும் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள், பஸ் இனிமேல் வராது என்று சொல்லிக்கொண்டு போனார்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கம் பல நாள் ரோடு ரோடாக இருக்காது. புளியமரங்கள் குறுக்கே படுத்திருக்கும், அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கு என்ன என்பதுதான் எல்லோர் வாயிலும் பேச்சு. அரை மணி நேரத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டியதாகிவிட்டது. மாமா தன் முடிவைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார். சாப்பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார் போல.

முதல் நாள் கத்திரிக்காய் சாம்பார். மறுநாள் முருங்கைக்கீரை. மாமா இரண்டையும் பார்த்த பார்வை எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் கட்டிலில் சாய்ந்துகொண்டு அப்பாவிடம் சொன்னார்.

"நான் கறி கேக்கறேன்னு நெனச்சிக்காதீங்க, சம்மந்தி. கறி கெடக்குது. எனக்கு நல்லி இருந்தா போதும். நல்லி எலும்ப இப்படிப் புடிச்சி, தட்டுல ரெண்டு தட்டு தட்டி, உறிஞ்சினா..." என்று வெறும் கையை உறிஞ்சிக் காட்டினார்.

அவர் சம்மந்தி என்று சொன்னதே அப்பாவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆனால் டவுனுக்குப் போக வழியில்லை, கறிக்கடை எதுவும் திறக்கவில்லை. எனவே மறுநாள் காலை எங்கள் தெருவே கூடி ஒரு கடாவை அறுத்துக் கூறு போடுவது என்று முடிவாயிற்று. எட்டுக் கூறு. வயலில் அறுப்பு முடிந்ததும் அவரவர் நெல்லாகக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

கூறு போடுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. களத்தில் வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, தொடை, நெஞ்சு, ஈரல், குடல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வருகிற மாதிரி கண்ணளவில் குவியல் வைப்பார்கள். பிறகு ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்பவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். யாருக்கு எது என்பது யார் கையிலும் இல்லை, ஆகவே சண்டை இல்லை. அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு தடவையும் சண்டை வரும்.

கூறு போடுகிறவர் பச்சையப்பன் சித்தப்பா. தன் கண்ணளவுக்கு மிஞ்சிய தராசு இல்லை என்று அவருக்கு நினைப்பு. அவர் வைக்கும் குவியல்களில் எப்போதும் ஒன்றில் மட்டும் ஈரல் ஜாஸ்தியாக இருக்கும், அது எப்படியோ அவர் வீட்டுக்கே போகும். போன தடவை இதனால் இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியிருந்தது. இந்தத் தடவை சிக்கலும் அதிகம். நான்கு வீட்டுக்கு முழுக் கூறு. ஒரு கூறை இரண்டு வீடு பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு கூறு, பாகம் பிரிந்துபோன மூன்று அண்ணன் தம்பிகளுக்கு. மீதி இரண்டு கூறுக்கு இன்னும் ஆள் வரவில்லை.

"மூணு பேருக்கு எப்பிடிப்பா சரியா வரும்? நீ கண்ணால பாத்து வச்சா நாங்க ஒத்துக்க மாட்டோம்," என்றார் அந்த மூவரில் மூத்தவர்.

"அப்ப கணக்குப் புலிய கூப்புடு. அவ சொல்லட்டும், நான் வெட்டறேன்," என்றார் சித்தப்பா. அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்ததன் பலன்.

நான் வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் ஆடு வெட்டும் களத்துக்குப் போக மாட்டாள். நான் போனேன். போனேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பாவாடை தாவணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எட்டு, பதினாறு, இருபத்து நான்கு என்று பகுதிகள் என் கண்முன்னே ஆடிக்கொண்டிருந்தன.

"முழுக் கூறுன்னா ஆட்டுல எட்டுல ஒரு பங்கு. அரைக் கூறு பதினாறுல ஒரு பங்கு. இவங்களுக்கு ஆளுக்கு இருபத்தி நாலுல ஒரு பங்கு," என்று களத்து மண்ணில் குச்சியால் எழுதினேன். "மூணுக்கும் மீச்சிறு பொது மடங்கு நாப்பத்தெட்டு. ஆட்ட நாப்பத்தெட்டு சமத் துண்டா வெட்டுங்க, சித்தப்பா. முழுக் கூறுக்கு ஆறு, அரைக் கூறுக்கு மூணு, இவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு. குவியலும் வேணாம், முதுகக் காட்டி நிக்கவும் வேணாம். எண்ணிக் குடுத்தா போதும்."

எல்லோரும் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். பிறகு எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆறு, மூணு, ரெண்டு. மீதியே இல்ல."

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை. மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. கட்டிலை விட்டு எழுந்து வந்து என் மண் எழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகம் திருவிழாவுக்கு வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"நாப்பத்தெட்டு எப்படி வந்துதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

சொன்னேன். பதினாறில் நான்கு இரண்டுகள், இருபத்து நான்கில் மூன்று இரண்டுகளும் ஒரு மூன்றும், எல்லோருக்கும் போதுமான அளவு எடுத்துக்கொண்டால் நாற்பத்தெட்டு. அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். அந்த நிமிஷம் யாராவது என்னை எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்கார வைத்திருந்தால் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன்.

சித்தப்பா வெட்டினார். ரோட்டில் சாய்ந்திருந்த புளியமரத்தில் ஒரு முண்டு அறுத்து வந்து கட்டையாகப் போட்டிருந்தார்கள். தொடையைத் தனியாக, நெஞ்சைத் தனியாக, ஈரலைத் தனியாக, ஒவ்வொன்றையும் பங்குப்படி வெட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் கத்தியை ஓங்கினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. இது எங்கே போய் முடியும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பத்தெட்டு துண்டுகள் இலைமேல் அழகாக இருந்தன. அப்போது பஸ்ஸில் வந்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஒரு கூறு வேண்டும், ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள் என்றார்கள்.

"ஆறை அஞ்சால வகுக்க முடியாதே," என்றேன் கவலையாக.

"பகுதியில அஞ்சு வரணும்," என்றார் மாப்பிள்ளை. "நாப்பத்தெட்ட அஞ்சால பெருக்கினா..."

"இருநூத்தி நாப்பது," என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

ஒவ்வொரு துண்டும் ஐந்து துண்டாயிற்று. முழுக் கூறுக்கு முப்பது, அரைக் கூறுக்குப் பதினைந்து, மூன்று அண்ணன் தம்பிக்குப் பத்துப் பத்து, ஐந்து பேருக்கு ஆறு ஆறு. எல்லாம் குழம்புக்குப் போடும் அளவாக, எலும்போடும் சதையோடும் பிரமாதமாக அமைந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் இன்று எங்கள் ஊரில் எனக்குச் சிலை இல்லாவிட்டாலும் மரியாதையாவது இருந்திருக்கும்.

கடைசிக் கூறைக் கேட்டு வந்தவர்கள், ரோட்டில் மரத்துக்குக் காவல் இருந்தவர்கள். ஏழு பேர். ஏழு பேரும் வேறு வேறு ஊர், அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவர் மண்ணில் எழுதியிருந்ததை எல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பங்குன்னா சரியா இருக்கணும், தங்கச்சி. கம்மியும் வேணாம், ஜாஸ்தியும் வேணாம். அதுக்குத்தான் நாங்க ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்கோம்."

அந்த மனிதரிடம் நான் எப்படிக் கண்ணளவு என்று சொல்வேன்? மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே குச்சியை எடுத்துவிட்டார்.

"ஏழு பகா எண். பெருக்கித்தான் ஆகணும்," என்றார். குரல் நடுங்கியது, பயத்தில் இல்லை.

ஆயிரத்து அறுநூற்று எண்பது. அதில் எட்டில் ஒன்று, இருநூற்றுப் பத்து. நாங்கள் இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருநூற்றுப் பத்தை இரண்டால் வகுத்தால் நூற்றைந்து. மூன்றால் எழுபது. ஐந்தால் நாற்பத்திரண்டு. ஏழால் முப்பது. எதிலும் மீதி இல்லை. அந்தத் தெருவில், அந்த ரோட்டில், அன்று பங்கு கேட்டு வந்த எல்லோருக்கும் இடம் வைத்திருக்கிற எண் அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடினார், மண்ணில் எழுத அது உதவாது என்பதைக்கூட மறந்துவிட்டு.

"வெட்டுங்க, சித்தப்பா," என்றேன்.

"பாப்பா, நல்லா யோசிச்சிக்கோ," என்றார் சித்தப்பா, ஒரு பேச்சுக்கு. பிறகு வெட்டினார். வெட்டி வெட்டிக் கை ஓய்ந்து, இன்னொருவர் வாங்கி வெட்டி, அவர் கையும் ஓய்ந்தது. ஒவ்வொரு துண்டும் ஏழு. சதை ஏழு, ஈரல் ஏழு, எலும்பு ஏழு. ஈக்கள் எந்தப் பகுதியும் பார்க்காமல் முழு எண்ணாக வந்து உட்கார்ந்தன. தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து எண்ணினார்கள், எண்ணிக்கை தப்பித் திரும்ப எண்ணினார்கள். முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இலைகளின்மேல் இருந்ததைப் பார்த்து யாராலும் அதை ஆடு என்று சொல்லியிருக்க முடியாது. கைமா. எலும்புத்தூள் கலந்த கைமா.

மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் களத்துக்கு வந்தார். இலைகளைப் பார்த்தார், மண்ணில் இருந்த எண்களைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஏம்மா, ஏழு பேரு கேட்டது ஒரு கூறு தான?"

"ஆமாங்க, அத்தை."

"அந்த ஒரு கூற மட்டும் ஏழாப் பிரிச்சிக் குடுத்தா போதாதா? ஊருல இருக்கிற மத்த கூறெல்லாம் இன்னா பாவம் பண்ணிச்சி?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பொதுப் பகுதி எதற்கு? வேறு வேறு பின்னங்களைக் கூட்டுவதற்கு, எது பெரியது என்று ஒப்பிடுவதற்கு. அன்று களத்தில் யாரும் எதையும் கூட்டச் சொல்லவில்லை. எட்டில் ஒன்று அவரவர் இலையில் எட்டில் ஒன்றாகவே சமர்த்தாக இருந்தது. அதை இருநூற்றுப் பத்தாக்கி வேறு பெயர் வைக்கத் தேவையே இல்லை. இந்த இடம்தான் புத்தகத்தில் எனக்குப் புரியாமல் விட்டுப்போயிருந்தது. புரிந்த இடம் அந்தக் களம்தான், அதற்கு ஓர் ஆடு செலவாகியிருந்தது.

தெருவில் அன்று சண்டை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் அச்சாகச் சமமாக இருந்தது. யாருக்கும் ஈரல் ஜாஸ்தி இல்லை, ஏனென்றால் எது ஈரல் என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு குடும்பங்களும் என்னைத் திட்டுவதற்காக ஒன்று சேர்ந்து பேச ஆரம்பித்தன.

ஆனால் எனக்கு வேறு பயம். வீட்டில் மாமா இலை போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எலும்பைப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்து, முடியாமல், கைமா உருண்டையாகப் பிடித்துக் குழம்பில் போட்டிருந்தாள். மாமா இலையைப் பார்த்தார். விரலால் ஓர் உருண்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லி எங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். புத்தியுள்ளவர்கள் சமையலறைக்குள் ஓடியிருப்பார்கள்.

"எல்லா உருண்டையிலயும் இருக்குதுங்க, மாமா. சமமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓர் உருண்டையை வாயில் போட்டுக் கடித்தார். கடக் என்று ஒரு சத்தம். மாமா வாயிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். ஒன்று ஆட்டின் எலும்பு. இன்னொன்று அவருடைய முன்பல்லில் பாதி.

அப்பா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மாமா கையைக் கழுவினார். வேட்டியை இழுத்துக் கட்டினார். "அக்கா, கெளம்பு. இந்த எடம் நமக்கு வேணாம்," என்றார். பல்லில் காற்று போனதால் அது கொஞ்சம் விசிலாக வந்தது. யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை.

"ரோட்டுல மரம் கெடக்குதுங்க," என்றார் அப்பா பரிதாபமாக.

"தாண்டிப் போய்க்கிறோம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிளஸ் டூ கணக்கில் தோற்றபோதுகூட அப்படி இல்லை. கணக்கு தெரியாமல் தோற்பது எனக்குப் பழக்கம். கணக்கைச் சரியாகப் போட்டு, மீதியில்லாமல் வகுத்து, அதனால் தோற்பது அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்போது மாப்பிள்ளை பேசினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, தலையைக் குனிந்தபடி.

"மாமா, ஏழால பெருக்கச் சொன்னது நான்தான்."

"இன்னாடா?"

"அவங்க இருநூத்தி நாப்பதுலயே நிறுத்தியிருப்பாங்க. நான்தான் ஏழு பகா எண்ணுன்னு சொன்னேன். பல்லுக்கு நான்தான் பொறுப்பு."

மாமா கட்டிய வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார். அக்கா பிள்ளை தன்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"நடேசா, ஒக்காரு. இவன் அப்பா போனதுலேர்ந்து இந்தப் புள்ள வாயத் தொறந்து சிரிச்சி நான் பாக்கல. இன்னிக்கி அந்த ஆட்டுக் களத்துல இவ கூட நின்னுகினு சிரிச்சிக்கினு இருந்தான். நான் வேப்ப மரத்தாண்ட நின்னுகினு பாத்தேன். ஒனக்குப் பல்லு வேணும்னா கள்ளக்குறிச்சியில கட்டிக்கலாம். எனக்கு இந்தப் பொண்ணு தான் வேணும்."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் அன்று சத்தம் போட்டே அழுதுவிட்டேன். அம்மா வந்து என் வாயைப் பொத்தினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மாமா மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "கல்யாணத்துல எனக்கு நாலு காலும் முழுசா வந்துடணும்," என்றார் அப்பாவிடம். "இந்தப் பொண்ணு அடுப்பாண்ட வரக் கூடாது. கத்தியத் தொடக் கூடாது. எழுதிக்கூட காட்டக் கூடாது." அப்பா எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். மரங்களை எடுத்த பிறகு அவர்கள் ஊருக்குப் போனார்கள். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாமாவுக்கு நான்கு காலும் முழுசாகப் போயின. அவர் அதை என் கண்முன்னாலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே, கட்டிய புதுப் பல்லால் சாப்பிட்டார்.

கல்யாணமானதும் நாங்கள் வெள்ளிமலைக்குக் குடிபோனோம். அங்கே என் கணவர் வருஷா வருஷம் விகிதமுறு எண்கள் பாடத்தை எப்படி ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியாது. பாவம், என்னிடம் அவர் சொன்னதே இல்லை. குடிபோன முதல் வருஷம், மலை ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கிக் காய் வாங்க நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் அவரிடம் படிக்கிற பெண் ஒருத்தி ஆட்டுக்குட்டியை மடியில் வைத்து இலை ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள், அவள் முகம் மாறியது.

"யம்மா, கணக்கு சார் வூட்டுக்காரம்மா வராங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, குட்டியை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.